திண்ணைப் பேச்சை நாவலாக்கிய ஜோரா

அமெரிக்காவின் தென்பகுதி மாநிலமான புளோரிடாவில் ஈட்டன்வில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1887-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் 27 கறுப்பின ஆண்கள் கூடி வாக்களித்து, அதைத் தங்களுக்கென ஒரு தனி நகராட்சியாக ஆக்கிக்கொண்டார்கள். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மேயர் கறுப்பர். ஊர்க்காவலர் கறுப்பர். கடைக்காரரும் கறுப்பர், தபால் பார்த்தவரும் அவரே. ஊர் ஒரு பக்கம், அவர்கள் குடியிருப்பு ஒரு பக்கம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஊரே அவர்களுடையது.

அந்த ஊரில் வளர்ந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். பெயர் ஜோரா நீல் ஹர்ஸ்டன். உயிரோடு இருந்தபோது நான்கு நாவல்கள், இரண்டு நாட்டார் வழக்காற்று நூல்கள், ஒரு தன்வரலாறு என ஏழு புத்தகங்களை வெளியிட்டவர். சாகும்போது அவற்றில் ஒன்றுகூடக் கடையில் கிடைக்கவில்லை. அவரைப் புதைக்க ஊரார் காசு திரட்ட வேண்டியிருந்தது. இன்று அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகும் மாணவர்கள் அவரைப் படிக்காமல் இலக்கியப் பாடத்தைக் கடப்பது அரிது.

ஜோரா பிறந்தது ஈட்டன்வில்லில் அல்ல. அலபாமா மாநிலத்தின் நோட்டசல்கா என்ற ஊரில், 1891 ஜனவரி 7 அன்று. எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பா ஜான் ஹர்ஸ்டன் வெள்ளையர் நிலத்தில் வாரத்துக்கு உழுத குடும்பத்தவர். தச்சு வேலை தெரிந்தவர். பாப்டிஸ்ட் சபைப் போதகர். அம்மா லூசி ஆசிரியையாக இருந்தவர். ஜோராவுக்கு மூன்று வயது இருக்கும்போது குடும்பம் ஈட்டன்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. பின்னாளில் அப்பா அந்த ஊருக்கு மேயராகவும் ஆனார்.

வீட்டில் இரண்டு விதமான கருத்து இருந்தது. பிள்ளைகள் எட்டாத உயரத்துக்கு ஆசைப்பட வேண்டும் என்பார் அம்மா. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு துடுக்கு ஆகாது, வெள்ளையர் ஆளும் உலகில் இது ஆபத்து என்று பயந்தார் அப்பா. அப்பாவின் பயத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற காலம் அது. ஆனால் பெண் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டார்.

ஊரின் நடுவில் ஒரு கடை. அதன் முன்திண்ணையில் வேலை முடிந்த ஆண்கள் உட்கார்ந்து கதை அளப்பார்கள். முயல் நரியை ஏமாற்றிய கதை, அடிமை எஜமானனை முட்டாளாக்கிய கதை, கடவுளும் சாத்தானும் வழக்காடிய கதை. யார் பெரிய பொய் சொல்வது என்று போட்டியே நடக்கும். பெண்பிள்ளைகளுக்கு அங்கே நிற்க அனுமதியில்லை. கடைக்குச் சாமான் வாங்க அனுப்பினால் ஜோரா காலை இழுத்து இழுத்து நடந்து, முடிந்தவரை காதில் வாங்கிக்கொண்டு வருவார். அவர் எழுத்தின் விதைநெல் அங்கே சேர்ந்தது.

1904-ல், ஜோராவுக்கு 13 வயதில், அம்மா இறந்தார். ஒருவர் உயிர் பிரியும் நேரத்தில் தலையணையை உருவிவிடுவதும், வீட்டில் உள்ள கடிகாரத்தையும் கண்ணாடியையும் துணியால் மூடுவதும் அந்த ஊர் வழக்கம். தனக்கு அப்படிச் செய்ய விடாதே என்று அம்மா மகளிடம் கேட்டிருந்தார். கூடியிருந்த பெரியவர்கள் வழக்கப்படியே செய்தார்கள். சிறுமி தடுத்துப் பார்த்தார். அப்பா அவரைப் பிடித்துக்கொண்டார். அம்மா தன்னை நம்பிச் சொன்னதைச் செய்ய முடியவில்லையே என்ற வேதனை அவரை விட்டு அகலவில்லை. 50 வயதை ஒட்டி எழுதிய தன்வரலாற்றிலும் அது ஆறாத புண்ணாகவே இருக்கிறது.

அப்பா விரைவிலேயே மறுமணம் செய்துகொண்டார். ஜோராவை ஜாக்சன்வில் நகரத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சொந்த ஊரில் போதகரின் மகளாக மட்டுமே இருந்தவர், அங்கே தெருவில் இறங்கிய கணத்திலிருந்து கறுப்புப் பெண்ணாக ஆக்கப்பட்டார். கட்டணமும் வீட்டிலிருந்து வருவது நின்றது. பிறகு பத்தாண்டுக்கு மேல் உறவினர் வீடுகளில் அண்டிப் பிழைப்பும் வீட்டு வேலையும்தான். ஊர் ஊராகச் சென்று இசை நாடகம் போட்ட ஒரு குழுவில், முதன்மைப் பாடகிக்குப் பணிப்பெண்ணாகவும் இருந்தார். அந்தக் குழுவிலிருந்து விலகி மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் தங்கியபோது, படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர முடிவெடுத்தார்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மேரிலாந்தில் 20 வயது வரையிலான கறுப்பின இளைஞர்களுக்குத்தான் இலவசக் கல்வி. 1917-ல் ஜோராவுக்கு வயது 26. அவர் என்ன செய்தார் தெரியுமா? பிறந்த ஆண்டு 1901 என்று எழுதிக் கொடுத்தார். 26 வயதுப் பெண் 16 வயதுப் பெண்ணாகப் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்தார். அதன்பின் ஆயுள் முழுக்க அந்தப் பத்து ஆண்டுகளை அவர் திருப்பிச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. நண்பர்களுக்குத் தெரியாது, கல்லூரிகளுக்குத் தெரியாது. இதைப் பொய் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பிடுங்கப்பட்ட பத்து ஆண்டுகளை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றுதான் நாம் சொல்வோம்.

அடுத்து வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம். அங்கே படித்துக்கொண்டே ஒரு சவரக்கடையில் வாடிக்கையாளர்களுக்கு நகம் திருத்தும் வேலை பார்த்தார். முதலாளி கறுப்பர், வேலையாட்கள் கறுப்பர். முடி வெட்டிக்கொள்ள வருபவர்கள் மட்டும் வெள்ளைக்கார அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும். ஒருநாள் ஒரு கறுப்பர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கும் முடி வெட்டுங்கள், அது என் உரிமை என்றார். கடையில் இருந்தவர்கள் சேர்ந்து அவரைத் தெருவில் தள்ளினார்கள். தள்ளியவர்கள் அவருடைய சொந்த இனத்தவர்கள். அவர் உட்கார்ந்தால் மறுநாளிலிருந்து வெள்ளையர் வர மாட்டார்கள், அத்தனை குடும்பமும் பட்டினி கிடக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஜோராவின் மனமும் அந்த நேரத்தில் கடைப் பக்கமே நின்றது. தன் வயிற்றுப்பாடு தன் இனத்தின் மானத்துக்கு எதிராகத் தன்னை நிறுத்திவிட்டதை யோசித்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தார். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். முடிதிருத்தும் கடையில் நாற்காலி மறுக்கப்படுவது என்னவென்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மறுக்கும் கை யாருடையது, அந்தக் கையை இயக்குவது எது என்பதைத் தன்னையே கூண்டில் ஏற்றி எழுதிய நேர்மை பெரிது.

1925 ஜனவரியில் கையில் ஒன்றரை டாலரோடு நியூயார்க் போய் இறங்கினார். அந்நகரின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் இசைக்காரர்களும் கூடி ஒரு மறுமலர்ச்சியை உண்டாக்கிக்கொண்டிருந்த நேரம். சில மாதங்களிலேயே ஆப்பர்ச்சூனிட்டி என்ற இதழின் போட்டியில் அவர் சிறுகதைக்கும் நாடகத்துக்கும் பரிசு கிடைத்தது. அதன் வழியாகவே பர்னார்ட் மகளிர் கல்லூரியில் இடமும் கிடைத்தது. அந்தக் கல்லூரியில் அன்று படித்த ஒரே கறுப்பின மாணவி அவர்தான்.

அங்கே பிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியல் பேராசிரியரின் மாணவி ஆனார். வெள்ளையர் மண்டை பெரிது, அதனால் அறிவும் பெரிது என்று அறிவியல் பெயரால் பேசிய காலம் அது. போவாஸ் அதை மறுத்தவர். ஜோரா ஒரு அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு ஹார்லெம் தெருமுனையில் நின்று, போகிற வருகிற கறுப்பர்களின் தலையை அளந்தார். முன்பின் தெரியாதவரை நிறுத்தித் தலையை அளப்பது என்றால் சும்மாவா? ஜோராவின் சிரித்த முகத்துக்கு யாரும் மறுப்பு சொல்லவில்லையாம். நம் நாட்டில் ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி மூக்கை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தியதையும், அப்படி எடுக்கப்பட்ட மூக்களவுகளைக் கொண்டே பிராமணரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனத்தவர் அல்லர் என்று அண்ணல் அம்பேத்கர் 1948-ல் வாதிட்டதையும் மாணவர்கள் சேர்த்துப் படிக்கலாம்.

1927-ல் போவாஸ் அவரைத் தெற்குக்கு அனுப்பினார். உன் மக்களின் கதைகளையும் பாடல்களையும் சேகரித்து வா என்பது பணி. முதல் பயணம் தோல்வி. கல்லூரி ஆங்கிலத்தில் மரியாதையாக, ஐயா உங்களுக்கு நாட்டார் கதை ஏதாவது தெரியுமா என்று கேட்டால் யார் சொல்வார்கள்? அப்படி எதுவும் தெரியாதம்மா, பக்கத்து ஊரில் கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தான் வளர்ந்த பேச்சைத் தானே மறந்துபோனதை அவர் புரிந்துகொண்டார். அந்த நேரத்தில் ஒரு பெரிய தவறும் செய்தார். அலபாமாவில் கொசோலா என்ற முதியவரைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையில், வேறொரு பெண் எழுதிய நூலிலிருந்து பெரும்பகுதியைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டார். அது அவர் இறந்து 12 ஆண்டுகள் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது. விரும்பும் எழுத்தாளர் என்பதற்காக இதை நாம் மறைக்க முடியாது.

ஆனால் அவர் அதே கொசோலாவிடம் திரும்பிப் போனார். அடிமைகளைக் கொண்டுவருவதை 1808-லேயே அமெரிக்கா தடை செய்திருந்தது. 1860-ல் ஒரு பணக்காரர் கள்ளத்தனமாக அனுப்பிய குளோட்டில்டா என்ற கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த சிலரில் ஒருவர் கொசோலா. எஜமானன் காலத்தில் வைக்கப்பட்ட பெயரால்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். ஜோரா அவருடைய ஆப்பிரிக்கப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கிழவர் கலங்கிப்போனார். இந்த முறை அவசரம் காட்டவில்லை. பீச் பழமும் தர்ப்பூசணியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பேச விருப்பமில்லாத நாளில் பெரியவர் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஜோராவும் மறுநாள் வருவார். அவரைத் தன் சொந்த மண்ணில் பிடித்தது, கரையோரக் கொட்டடியில் அடைத்தது, கப்பலில் வந்தது, விடுதலைக்குப் பின் நிலம் வாங்கித் தங்களுக்கென ஊர் அமைத்தது, பெற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பறிகொடுத்தது எல்லாம் அவர் வாயாலேயே வந்தது.

ஜோரா அதை அவர் பேசிய கொச்சையிலேயே எழுதினார். 1931-ல் பதிப்பாளரிடம் போனபோது, திருத்தமான ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுங்கள், போடுகிறோம் என்றார்கள். கொசோலாவின் குரலை மாற்றினால் அது கொசோலா இல்லை என்பது ஜோராவின் நிலை. மாற்றவில்லை, புத்தகம் வரவில்லை. கையெழுத்துப் பிரதி பல்கலைக்கழகக் காப்பகத்தில் கிடந்தது. பாரகூன் என்ற அந்த நூல் வெளிவந்த ஆண்டு 2018. வந்தவுடன் அமோகமாக விற்றது. 87 ஆண்டுகள் ஒரு முதியவரின் பேச்சுமொழிக்காக ஒரு புத்தகம் காத்திருந்தது.

இந்தச் சேகரிப்பு வேலைக்கெல்லாம் பணம் கொடுத்தவர் சார்லட் மேசன் என்ற வெள்ளைக்காரச் சீமாட்டி. மாதம் 200 டாலர், ஒரு கேமரா, ஒரு கார். பதிலுக்கு ஜோரா கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், சேகரிப்பது அனைத்தும் சீமாட்டியின் சொத்து, அனுமதியின்றி ஒரு வரி அச்சேறக் கூடாது என்று இருந்தது. அன்றாடச் செலவுக்கும் கணக்கு எழுதி அனுப்ப வேண்டும். தன் மக்களின் கதைகள் தனக்கே சொந்தமில்லை! ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்பது சுலபம். கறுப்பினப் பெண்ணை நம்பி அந்த வேலைக்குப் பணம் கொடுக்க அன்று வேறு ஆள் இல்லை. அந்தக் காரில்தான், இடுப்பில் கைத்துப்பாக்கியோடு, மரம் அறுக்கும் முகாம்களிலும் கீல் எடுக்கும் காடுகளிலும் அவர் திரிந்தார். கறுப்பர்களுக்கு அறை கொடுக்காத ஊர்களில் காரிலேயே படுத்துக்கொண்டார். தானும் ஒரு கூலிக்காரி மாதிரி பாடி ஆடித்தான் கதைகளை வாங்கினார். அந்தக் கதைகள் 1935-ல் மியூல்ஸ் அண்ட் மென் என்ற நூலாயின. ஒரு கறுப்பினப் பெண் தன் சொந்த மக்களின் வாய்மொழி வழக்காற்றைத் தொகுத்து வெளியிட்ட முன்னோடி நூல் அது.

அவர் முதல் நாவல் பிறந்த கதை தனி. 1933-ல் ஒரு சிறுகதையைப் படித்த பதிப்பாளர், நாவல் ஏதும் எழுதிக்கொண்டிருக்கிறீர்களா என்று கடிதம் போட்டார். ஜோரா ஆமாம் என்று பதில் எழுதினார். ஒரு பக்கம்கூட அப்போது எழுதியிருக்கவில்லை. உடனே சான்போர்டு என்ற ஊரில் வாரம் ஒன்றரை டாலர் வாடகைக்கு ஒற்றை அறை வீடு பிடித்து எழுதத் தொடங்கினார். முடித்த பிரதியைத் தபாலில் அனுப்ப 1 டாலர் 83 சென்ட் கடன் வாங்கினார். வாடகைப் பாக்கி 18 டாலர் சேர்ந்துவிட்டது என்று வீட்டுக்காரர் வெளியே அனுப்பினார். அதே நாளில் தந்தி வந்தது. நாவலை ஏற்றுக்கொண்டோம், 200 டாலர் முன்பணம் தருகிறோம் என்று.

அவருடைய தலைசிறந்த நாவல் அடுத்து வந்தது. தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட். அவர்கள் கண்கள் கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று பொருள். ஆராய்ச்சிக்காக ஹைட்டி நாட்டில் இருந்தபோது ஏழே வாரங்களில் எழுதினார். 1937 செப்டம்பரில் வெளிவந்தது.

ஜேனி என்ற பெண்ணின் கதை. அடிமையாக இருந்த பாட்டி வளர்த்த பெண். உலகத்தின் சுமையெல்லாம் கடைசியில் கறுப்பினப் பெண்ணின் தலையில்தான் இறங்கும் என்று பாட்டிக்குத் தெரியும். அதனால் 60 ஏக்கர் நிலம் உள்ள வயதானவருக்குப் பேத்தியைக் கட்டிவைக்கிறார். அங்கே அவள் இன்னொரு ஏர்மாடு. ஒருநாள் ஜோ ஸ்டார்க்ஸ் என்பவருடன் புறப்பட்டுவிடுகிறாள். அவர் ஈட்டன்வில்லுக்கு வந்து மேயராகிறார், பெரிய கடை வைக்கிறார். மேயரின் மனைவி திண்ணைப் பேச்சில் கலக்கக் கூடாது, கூந்தலை மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுகள் அப்படி ஓடுகின்றன. அவர் இறந்தபின் டீ கேக் என்ற பெயரில் ஒரு இளம் கூலித் தொழிலாளி வருகிறான். அவனோடு அவள் எவர்கிளேட்ஸ் சேற்றுநிலத்தில் அவரை பறிக்கும் கூலி வேலைக்குப் போகிறாள். சேறும் வியர்வையும் பாட்டுமாக அங்கேதான் முதன்முதலாகத் தன் வாயால் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறாள்.

வெள்ளையர் சட்டம் கொடுமையானது என்பது நாவலில் எங்கும் பின்னணியில் இருக்கிறது. ஆனால் கறுப்பர் மட்டுமே ஆளும் ஊரிலும் ஒரு பெண் வாய் திறக்க முடியவில்லையே என்பதுதான் முன்னால் நிற்கிறது. ஊரும் நமது, ஆட்சியும் நமது, ஆனால் திண்ணை ஆண்களுடையது. சிறுமியாக அந்தக் கடைவாசலில் காலை இழுத்து நடந்தவர் தன் ஊரின் மேலேயே வைத்த கேள்வி இது. இன்றைக்கும் நம் கூட்டங்களில் பெண்கள் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலே இந்த நாவல் ஏன் பழசாகவில்லை என்பது தெரியும்.

நாவலில் வரும் புயல் உண்மையில் அடித்த புயல். 1928 செப்டம்பர் 16 இரவு ஓகிசோபி ஏரியின் கரை உடைந்து, தோட்டக் கூலிகள் குடியிருந்த தாழ்நிலம் முழுகியது. இறந்தோர் 2,500-க்கும் மேல். பெரும்பாலோர் கறுப்பினக் கூலிகள். சவப்பெட்டிகள் போதவில்லை, இருந்தவை வெள்ளையருக்கு. வெஸ்ட் பாம் பீச் நகரில் 674 கறுப்பர்களின் உடல்களை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். பல பத்தாண்டுகள் அங்கே ஒரு கல்கூட நடப்படவில்லை. நாவலில் துப்பாக்கி முனையில் கறுப்பர்களைப் பிடித்துவந்து பிணங்களைப் பிரிக்கச் சொல்கிறார்கள். நீரில் ஊறி அழுகிய உடலில் வெள்ளையர் யார், கறுப்பர் யார் என்று எப்படித் தெரியும்? தலைமயிரைப் பார்த்துப் பிரி என்கிறார்கள் காவலுக்கு நின்றவர்கள். சுடுகாட்டுப் பாதைக்காக இன்றும் வழக்கு நடத்தும் நாம் இந்தப் பக்கங்களை எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

ஆனால் நாவல் வந்தபோது கடுமையாகத் தாக்கியவர்கள் கறுப்பின அறிஞர்களே. அவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் ரைட். மிசிசிப்பி மாநிலத்தின் வறுமையிலிருந்து எழுந்து வந்த பெரும் எழுத்தாளர், அன்று பொதுவுடைமைக் கட்சிக்காரர். இந்த நாவலில் கருத்தும் இல்லை, செய்தியும் இல்லை. கறுப்பர்கள் சிரித்துப் பாடி ஆடுவதைப் பார்த்து வெள்ளையர் ரசிப்பதற்காக எழுதியது என்றார். ஜோராவும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டு ரைட்டின் சிறுகதை நூலுக்கு மதிப்புரை எழுதும்போது, இதில் வெறுப்பைத் தவிர எங்கள் மக்களின் வாழ்க்கை எங்கே என்று திருப்பிக் கேட்டார்.

இருவரில் யார் சரி? நாம் பலமுறை யோசித்திருக்கிறோம். ரைட்டின் கோபம் நியாயமானது. மரத்தில் பிணம் தொங்கும் நாட்டில் திண்ணைச் சிரிப்பை எழுதுவது எதிரிக்கு வசதியாகப் போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. ஆனால் ஒடுக்குபவன் செய்ததை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் நம் புத்தகத்திலும் அவன்தான் நாயகன் ஆகிவிடுவான். காதலிக்கவும் சண்டை போடவும் பொய்க்கதை சொல்லிச் சிரிக்கவும் தெரிந்த முழு மனிதர்களாகத் தன் மக்களைக் காட்டினார் ஜோரா. படிக்கும்போது நாம் ரைட்டிடமிருந்து கோபத்தை எடுத்துக்கொள்கிறோம். எழுத உட்காரும்போது ஜோராவிடம்தான் போகிறோம்.

இதோடு நிறுத்தினால் அவர் வரலாறு இனிப்பாக இருக்கும். ஆனால் 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர் எனப் பிரித்து வைப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, ஜோரா அதை எதிர்த்தார். 1955-ல் ஒரு செய்தித்தாளுக்குக் கடிதமே எழுதினார். வெள்ளைப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் எங்கள் பிள்ளைக்குப் படிப்பு வரும் என்பது எங்கள் ஆசிரியர்களுக்கும் எங்களுக்கும் அவமானம் என்பது அவர் வாதம். பிரிவினையை விரும்பிய வெள்ளையர்கள் அந்தக் கடிதத்தை மகிழ்ச்சியோடு எடுத்துப் பரப்பினார்கள்.

இதில் நாம் அவரோடு நிற்க முடியாது. ஈட்டன்வில்லில் வளர்ந்தவருக்குத் தனிப்பள்ளி என்பது சுயமரியாதையாகத் தெரிந்திருக்கலாம். ஈட்டன்வில் கிடைக்காத லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது ஒழுகும் கூரையும் வெள்ளைப் பிள்ளைகள் கழித்த பழைய புத்தகமும்தான். பர்னார்டில் வெள்ளைக்காரப் பெண்களோடு உட்கார்ந்து பட்டம் வாங்கியவர் அதை மறந்தது வருத்தமே. ஆனாலும் அந்த வாதத்துக்குள் இருக்கும் ரோஷம் நமக்குப் புரியாததல்ல.

அந்தக் கடிதத்துக்கு முன்பே அவர் வாழ்க்கை சரிந்திருந்தது. 1948-ல் நியூயார்க்கில் ஒரு சிறுவனிடம் தவறாக நடந்ததாக அவர் மீது குற்றம் சாட்டினார்கள். குறிப்பிட்ட நாளில் அவர் ஹோண்டுராஸ் நாட்டில் இருந்ததைக் கடவுச்சீட்டே காட்டியது. மறு ஆண்டு வழக்கு தள்ளுபடியானது. ஆனால் அதற்குள் ஒரு கறுப்பினப் பத்திரிகை முதல் பக்கத்தில் பரபரப்பாக அச்சிட்டுவிட்டது. வெள்ளையர் பத்திரிகை செய்திருந்தால் தாங்கியிருப்பார். சொந்த மக்கள் செய்ததில் உடைந்துபோனார், சாவைப் பற்றி நினைக்கும் அளவுக்கு.

1950-ல் மயாமியில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். வீட்டு எஜமானியம்மா நாட்டின் முன்னணி வார இதழ் ஒன்றைப் புரட்டும்போது, அதில் ஒரு கதையை எழுதியவர் அடுத்த அறையைப் பெருக்கிக்கொண்டிருக்கும் பெண் என்று தெரிந்தது. உள்ளூர்ப் பத்திரிகை அதைச் செய்தியாக்கியது. வீட்டு வேலை தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, பத்திரிகை தொடங்கும் திட்டத்துக்காகச் செய்கிறேன் என்று ஜோரா சமாளித்தார். உண்மையில் கையில் காசு இல்லை. எந்தப் புத்தகத்துக்கும் அவர் பெற்ற உரிமைத்தொகை ஆயிரம் டாலரைத் தொட்டதில்லை. மூன்று திருமணங்களும் நீடிக்கவில்லை. பின்னர் விமானப்படைத் தளம் ஒன்றில் நூலகர் வேலை, போர்ட் பியர்ஸ் என்ற ஊரில் கறுப்பினப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை, உள்ளூர் வார இதழில் பத்தி. இவற்றுக்கிடையே ஏரோது மன்னனைப் பற்றி ஒரு பெரிய நூல். பதிப்பாளர்கள் அதை வேண்டாம் என்றார்கள். எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

1959-ல் பக்கவாதம் தாக்கியது. அரசு ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்ந்தார். 1960 ஜனவரி 28 அன்று இறந்தார். நண்பர்களும் மாணவர்களும் பழைய பதிப்பாளர்களும் கொடுத்த காசில் அடக்கம் நடந்தது. கல் நட மட்டும் மிச்சமில்லை.

அவர் வீட்டைக் காலி செய்ய வந்தவர், காகிதங்களை முற்றத்தில் போட்டு எரிக்கத் தொடங்கினார். அந்த வழியாக வந்த ஒரு கறுப்பினக் காவல் அதிகாரி, ஜோராவை அறிந்தவர், ஓடிவந்து தண்ணீர் ஊற்றி அணைத்தார். ஓரம் கருகிய அந்தத் தாள்களில் ஏரோது நூலும் இருந்தது. அது அச்சாகி வந்தது 2025 ஜனவரியில்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டோம். 1945-ல் ஜோரா, கறுப்பின மக்களின் மூத்த அறிஞர் டு போய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு, ஐ.நா. சபையில் தீண்டப்படாதோர் பிரச்சினையை எழுப்புவது பற்றி நம் அம்பேத்கர் கடிதம் எழுதியதும் இதே டு போய்ஸுக்குத்தான். ஜோரா கேட்டது வேறு. புளோரிடாவில் 100 ஏக்கர் நிலம் வாங்கி நம் எழுத்தாளர்கள், கலைஞர்கள், தலைவர்களுக்கென ஒரு நினைவு இடுகாடு அமைக்க வேண்டும். நம்மில் பெயர்பெற்ற எவரும், கடைசியில் கையில் காசு இல்லாமல் செத்தாலும், அடையாளமின்றிக் கிடக்கக் கூடாது என்றார். டு போய்ஸ் அதில் ஆர்வம் காட்டவில்லை.

1973 ஆகஸ்டில் ஆலிஸ் வாக்கர் என்ற இளம் கறுப்பின எழுத்தாளர் போர்ட் பியர்ஸுக்கு வந்தார். யாரும் வழி சொல்லத் தயங்கக் கூடாதே என்று, ஜோராவின் உடன்பிறந்தார் மகள் போலத் தன்னைக் காட்டிக்கொண்டார். கறுப்பர்களுக்கான இடுகாடு இடுப்பளவு களையில் மூழ்கிக் கிடந்தது. பாம்பு பயம் வேறு. எந்த இடம் என்று தெரியாமல் ஜோராவின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டபடி நடந்தார். ஒரு இடத்தில் கால் பள்ளத்தில் இறங்கியது. அதுதான் என்று முடிவு செய்தார். பெரிய கறுப்புக் கல் வாங்க ஆசை. கையில் இருந்த பணத்துக்குச் சாதாரணச் சாம்பல்நிறக் கல்தான் கிடைத்தது. 1975-ல் அந்தத் தேடலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை நாடே படித்தது. 1978-ல் ஜேனியின் கதை மறுபடி அச்சேறியது. 1990 முதல் ஈட்டன்வில்லில் ஆண்டுதோறும் ஜோரா பெயரில் விழா நடக்கிறது.

வாக்கர் நட்ட அந்தக் கல்லில் ஜோராவின் பெயரும், நாவலாசிரியர், வழக்காற்றியலாளர், மானிடவியலாளர் என்ற சொற்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிறந்த ஆண்டு 1901 என்று இருக்கிறது. உண்மையான ஆண்டு அப்போது வாக்கருக்கும் தெரியாது.